ஈரம் பட்டால் எண்ணும் பட்டை

மீர்சாகிப்பேட்டை ஷகீலாவின் கடைசிப் பிள்ளை தௌசீஃப். மூத்தவன் வலியுல்லா பாலவாக்கத்தில் பெண்ணெடுத்து அந்தப் பக்கமே ஒதுங்கிவிட்டான். தகப்பன் வழி வம்சத்து ஆண்களுக்கு நெஞ்சு ஆகாது. தகப்பன் முப்பத்தொன்றில் சோறு பிசைந்த கையோடு சாய்ந்தார். பெரியப்பா ஓடிப்போய் பஸ் ஏறி உட்கார்ந்தவர், இறங்கவே இல்லை.

தௌசீஃபுக்கு முப்பது நடந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனி அவனைக் கபடிக்காகவே எடுத்திருந்தது. வேலை தற்காலிகம்தான், இந்த வருஷம் நன்றாக ஆடினால் நிரந்தரம். வீட்டில் ரூபீனாவுக்கு ஏழாம் மாதம். படபடப்பு வருவதை அவளிடம்கூட அவன் மூச்சு விடவில்லை.

தொண்ணூற்றாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மயிலாப்பூர் மைதானத்தில் மேட்ச். மதுவந்தி என்று ஒரு டாக்டர் பெண் வந்தாள். ஆடும்போது நெஞ்சு எத்தனை அடிக்கிறது என்று பார்க்கிறாளாம். நெஞ்சைச் சுற்றிக் கட்ட ஆளுக்கொரு ரப்பர் பட்டை. கட்டியவன் பக்கத்தில் வந்தால், அவள் கைக் கடிகாரத்தில் எண் விழும்.

"தண்ணி தொட்டுக் கட்டுங்க. ஈரம் இல்லேன்னா எண்ணாது."

கூட ஆடும் இனாயத் தௌசீஃபுக்குக் கொக்கியை முதுகுப் பக்கம் மாட்டிவிட்டுச் சிரித்தான். "இன்னா மச்சி, பாடி போட்டுக்கினுதான் பாடப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். தௌசீஃப் மட்டும் பைப்படிக்குப் போய், யாரும் பார்க்காமல் பட்டைக்குள் துண்டை விட்டு ஈரத்தை ஒற்றி எடுத்தான்.

முதல் தடவை அவுட்டாகி அவளருகில் உட்கார்ந்தபோது எண்ணே விழவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தான். ஆடுகிறவனுக்கு வேர்க்கும் என்பதை மறந்துவிட்டான் பாவி.

இரண்டாம் தடவை பாடிப்போனவனை நாலு பேர் அமுக்கினார்கள். கோட்டைத் தொடக் கை நீட்டி, மூச்சு முட்டி, அவுட். வந்து உட்கார்ந்தான். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. முன்னால் வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு நிமிஷத்தில் இறங்கிய எண், இவனுக்கு இறங்கவில்லை.

"வீட்ல யாருக்காவது நெஞ்சுக் கோளாறு உண்டா?"

"யாருக்கும் இல்ல மேடம்."

அதற்குள் இனாயத் எதிராளியைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினான். கம்பெனி மேனேஜர் ராகவேந்திரன் கத்தினார்: "தௌசீஃபுக்கு உயிர்! உள்ள போ!"

அவுட்டானவன் திரும்ப ஆட வருவதற்கு அதுதான் பேர்.

எழுந்தான். கொக்கிக்குக் கை எட்டவில்லை. "இத்த கழட்டிடுங்க மேடம்."

"பட்டையைக் கழட்டலாம். நெஞ்சைக் கழட்ட முடியுமா?"

கோடு வரைக்கும் போனான். ஒரு காலை உள்ளே வைத்தான். காதுக்குள் மத்தளம் கொட்டியது. ரூபீனாவின் வயிறு கண்ணில் வந்தது. காலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"எங்கப்பா, மேடம்... முப்பத்தொண்ணு. பெரியப்பாவும் அப்டிதான்."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். ராகவேந்திரன் நோட்டில் பேனாவை ஊன்றியபடி இவனையே பார்த்தார்.

உள்ளேயிருந்து இனாயத் கூவினான்: "டேய், உயிர் குட்த்தாச்சுடா! இன்னும் இன்னாடா அங்க குந்திக்கினு கீறே?"

தௌசீஃப் எழுந்திருக்கவில்லை.