மானில்லாத கோட்டை

நோர்வேயில் வாழைப்பழத் தோலுக்கென்று ஒரு பச்சைப் பை உண்டு. சமையற்கழிவு எல்லாம் அதற்குள்தான் போகவேண்டும். இங்கு வந்த முதல் கிழமையே நான் பழகிவிட்டேன். கோடைக்குத் திருகோணமலையிலிருந்து வந்த அம்மா பழகவில்லை. இருவரும் தினமும் வாழைப்பழம் தின்றோம். பையில் ஒரு தோலும் விழவில்லை. எங்கே போகிறது என்று நான் கேட்கவுமில்லை.

கேட்பதற்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது. அப்பா போன பிறகு அம்மா தனியே இருக்கிறார். என்னோடு இங்கேயே இருந்துவிடச் சொல்லிக் கேட்கவேண்டும். அதற்கு முன் நாட்டைக் காட்டிவிட நினைத்தேன். நான் கப்பல் திருத்தும் தளத்தில் மின்பொறியியலாளர். எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு நிம்மதி. முதலில் ஃபியோர்ட், பிறகு பழைய மரத் தேவாலயம், கடைசியாகத் துறைமுகக் கோட்டை.

ஃபியோர்டில் மலைகள் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கின. பாறையிலிருந்து கிளம்பிய கடற்கழுகு எங்கள் படகுக்கு மேலே ஒருமுறை வட்டமிட்டது. அம்மா அண்ணாந்தபடியே இருந்தார்.

"எங்கட துறைமுகந்தான் பிள்ளை. கொஞ்சம் நீட்டி இழுத்து, பிறிஜுக்குள்ள வைச்சிருக்கினம்."

பிடித்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். தேவாலய வாசலில் அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே போனார். பின்னால் வந்த வயதான தம்பதி ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தாங்களும் கழற்றினார்கள். அதுவும் நல்ல சகுனமாகப் பட்டது.

கோட்டைக்குப் போன அன்று அம்மாவின் கைப்பை உப்பியிருந்தது. பீரங்கிகளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. மரங்களுக்கு அடியிலும் மதில் மூலைகளிலும் எதையோ தேடினார்.

"மான் எங்க பிள்ளை?"

"என்ன மான்?"

"கோட்டையெண்டுதானே சொன்னனி!"

பையைத் திறந்தார். குளிர்சாதனப்பெட்டியின் அடித்தட்டில் இத்தனை நாளும் சேர்த்துவைத்த தோல்கள்.

எங்கள் ஊர்க் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நடுவீதியில் படுத்திருக்கும். கோணேசர் கோயிலுக்குப் போகும் ஓட்டோக்கள்தான் விலகிப்போகும். பள்ளிக்கூடக் காலத்தில் என் ரொட்டியை ஒரு மான் பையோடு இழுத்துத் தின்றிருக்கிறது. கோட்டையென்றால் மதிலும் பீரங்கியும் என்று பொறியியல் படித்த எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் கோட்டையென்றால் மான்.

வாசற்காவலரிடம் நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். அவர் அன்போடு, "மானா? மலையில் நிறைய உண்டு. ஆனால் வேட்டை இலையுதிர்காலத்தில்தான், அனுமதியும் வேண்டும்" என்றார். அம்மாவை ஒருமுறை அளந்துபார்த்துவிட்டு, இறைச்சிதான் வேண்டுமென்றால் தன் தம்பியிடம் இருக்கிறது என்றார்.

அதை நான் தமிழில் சொன்னபோது அம்மா பையைச் சட்டென்று மூடினார். "முகத்தைப் பாத்தா நல்ல மனிசன் மாதிரியெல்லோ இருக்கு!"

கடலைப் பார்த்த வாங்கில் உட்கார்ந்திருந்தோம். கேள்வியைக் கேட்க நான் வாய் திறக்குமுன்னரே அம்மா சொன்னார்.

"நீ கேக்கப்போறது தெரியும். எனக்கு ஏலாது பிள்ளை."

"குளிராம்மா?"

"குளிருக்குச் சுவெற்றர் இருக்கு. எல்லாம் வடிவாத்தான் இருக்கு. கிட்ட வாறதுதான் ஒண்டுமில்லை."

எனக்குக் கோபம் வந்தது. "இங்க மான் காட்டில மானா இருக்கு. அங்க ஷொப்பிங் பையையும் சேத்துத் தின்னுது."

"ஓம். அதுக்குத்தான் வெள்ளிக்கிழமையில நான் கோட்டையடியில நிக்கிறனான். இங்க வாறதுக்கு முந்தியும் ஒண்டின்ர வாயிலயிருந்து பொலித்தீன் பையை இழுத்தெடுத்தனான். நான் இங்க இருந்தா ஆர் எடுக்கிறது?"

அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பழத்தோல்களைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்தோம்.

அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் கோட்டையிலிருந்து அழைக்கிறார். திரை முழுவதும் ஒரு ஈர மூக்குத் தெரிகிறது. நான் தோலைப் பச்சைப் பைக்குள் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன். வழி இங்குள்ள கோட்டைக்குள்ளால்தான் போகிறது. வாசலைத் தாண்டும் வளைவில், இன்றும், என் கால் தானாகவே மெதுவாகிறது. நடுவீதியில் ஏதாவது படுத்திருக்கலாம்.