வெண்கட்டியால் வரைந்த பால்கனி

அன்று வாவிப் பக்கம் இருந்து வந்த அந்தச் சத்தம் என் மகளைக் காப்பாற்ற வந்ததா, கூட்டிக்கொண்டு போக வந்ததா? ஒரு வருடம் கழிந்த பின்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

நடந்தது சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில், களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட, மட்டக்களப்பு வாவிக் கரையில் இருக்கும் எங்கள் வீட்டில். என் கணவர் ஓர் உல்லாசக் கப்பலில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறார். ஆறு வருடமாக அவர் வேலை செய்வதும் தூங்குவதும் கப்பலின் அடித்தட்டில்தான். அங்கே ஜன்னல் கிடையாது. கடலில் இருந்துகொண்டே நாள்கணக்காகக் கடலைக் காணாமல் இருப்பதாகச் சொல்வார். ஒப்பந்தம் முடியும்போது வேலையாட்களின் குடும்பத்துக்குக் குறைந்த கட்டணத்தில் ஒரு பயணம் கொடுப்பார்களாம். கொழும்பில் ஏறி ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் அவரும் பயணியாகவே வரலாம். அறையைத் தெரிவு செய்யும் பொறுப்பை என்னிடம் விட்டார்.

கப்பலின் வரைபடம் கைபேசிக்கு வந்தது. நடுவில் ஜன்னலே இல்லாத அறைகள். ஓரத்தில் பால்கனி வைத்த அறைகள். பின்பக்க மூலையில் மட்டும், மற்றவற்றை விட இரண்டு மடங்கு அகலமான பால்கனியோடு ஓர் அறை. அவருக்கு ஆசை அதில்தான்.

"புள்ளய மடியில வெச்சுக்கொண்டு ஒரு நாளாவது கடலப் பாக்கோணும். நீ பாத்து எடு" என்றார்.

நான் எதையும் பலமுறை யோசிப்பவள். பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்காமல் வேலைக்குப் போனதில்லை. மகளுக்கு அப்போது நாலு வயது. தடுப்பு எவ்வளவு உயரம், கீழே இடைவெளி இருக்குமா, கதவைப் பிள்ளை திறக்க ஏலுமா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அவரைக் கேட்டேன். "கண்ணாடித் தடுப்பு. உன்ர நெஞ்சு மட்டுக்கும் வரும்" என்று பொறுமையாகச் சொன்னார். அப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

அதனால் ஒரு வேலை செய்தேன். வெளிநாட்டு உழைப்பில் கட்டும் பல வீடுகளைப் போல எங்கள் மேல்மாடியும் பாதியில் நிற்கிறது. தளம் போட்டு, ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கல் வைத்ததோடு சரி. பின்பக்கம் நேரே வாவி. அந்தத் தளத்தில் அளவு நாடாவால் அளந்து, கப்பல் பால்கனியின் அளவுக்கு வெண்கட்டியால் கோடு போட்டேன். தூணுக்காக ஓரத்தில் விட்டிருந்த கம்பிகளில் என் நெஞ்சு உயரத்துக்குக் கயிறு கட்டினேன். படத்தில் தடுப்போரமாக உட்கார இரண்டு கதிரைகள் இருந்தன. நானும் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைக் கொண்டுபோய்க் கயிற்றோரமாக அப்படியே வைத்தேன்.

பக்கத்து வீட்டில் இருக்கும் மச்சாள், என் கணவரின் தங்கை, படியேறி வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன மச்சாள், கப்பல இஞ்சயே கட்டி முடிச்சிட்டீங்க போல! எங்களுக்கும் ஒரு இடம் போடுங்க கா."

"அளவு பாக்கிறன்."

"இப்பிடி அளவு பாத்துப் பாத்துத்தான் கலியாணத்தையும் ரெண்டு வருசம் இழுத்தீங்க. பாவம் எங்கட அண்ணன்!"

மகளுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. பின்னேரம் ஆனால் என்னை இழுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார வைப்பாள். மூன்றாம் நாள் தன் சின்னச் சிவப்புக் கதிரையையும் கொண்டுவந்து, வாவியைப் பார்த்தபடி எங்கள் இரண்டு கதிரைகளுக்கும் நடுவில் வைத்தாள்.

"இது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"தோணி மாமாக்கு."

"எந்த மாமா?"

வாவியைக் கை காட்டினாள். "அவர் இஞ்ச வரமாட்டாராம். எங்களத்தான் வரச் சொல்றார்."

வாவியில் தோணி எதுவும் இல்லை. இருக்கவும் முடியாது. அது எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் வருடாந்தச் சடங்கு நடக்கும் காலம். கோயில் கதவு திறந்த நாளில் இருந்து, சடங்கின் கடைசி நாளான குளிர்த்தி முடியும் வரைக்கும் எங்கள் ஊரில் மீன் சமைப்பதில்லை, ஒருவரும் வாவியில் வலை போடுவதில்லை. தோணிகள் எல்லாம் கரையில் கவிழ்த்துக் கிடக்கும். பிள்ளைகள் இப்படித்தான் எதையாவது சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அன்று அவளை வழமையை விடக் கெதியாகக் கீழே கூட்டி வந்துவிட்டேன்.

குளிர்த்தி நாளில் ஊரே கோயிலில் இருந்தது. எனக்குக் கோயிலுக்குப் போக முடியாத நாள். மகள் காலையில் மச்சாளோடு போய்விட்டுக் களைத்து வந்து, அறையில் நித்திரையானாள். அவளை விட்டுவிட்டு மச்சாள் மறுபடி கோயிலுக்குப் போனாள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். வெயில் அசையாமல் நின்றது. ஒரு நாய் கூடக் குரைக்கவில்லை. தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்த உடுக்கைச் சத்தமும் நின்றுபோயிருந்தது.

கப்பல் அறையை உறுதிப்படுத்த அன்றுதான் கடைசி நாள். நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கணவருக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தேன். "சரி, நீங்க ஆசப்பட்ட அந்தப் பெரிய பால்கனி உள்ளதையே எடுப்பம்..."

அப்போதுதான் அது கேட்டது. நீருக்கு மேலால் நீளமாக, "ஓ...ய்" என்று. வாவியில் ஒரு தோணிக்காரர் இன்னொரு தோணியைக் கூப்பிடும் குரல். பிறந்ததில் இருந்து கேட்ட சத்தம் என்பதால் முதலில் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த நொடி, என் தலைக்கு மேலே இருந்து அதற்கு ஒரு பதில் வந்தது.

"ஓய்!"

என் மகளின் குரல்.

படிகளில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. நான் வைத்த கதிரையின் கைப்பிடியில் அவள் ஏறி நின்றாள். கயிறு அவள் வயிற்றில் பட்டுத் தொய்ந்திருந்தது. இரண்டு கைகளையும் வாவியை நோக்கி நீட்டிக்கொண்டு, தூக்கச் சொல்லும் பிள்ளையைப் போல முன்னால் சாய்ந்துகொண்டிருந்தாள். சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் தளத்தில் விழுந்தோம். அவள் பயந்து அழவில்லை. கோபித்து அழுதாள்.

"மாமா போயிட்டார்! உங்களாலதான் போயிட்டார்!"

நிமிர்ந்து பார்த்தேன். நீர் கண்ணாடி போல் கிடந்தது. தோணி இல்லை, தோணி போன தடமும் இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோதுதான் கவனித்தேன். அந்தச் சிவப்புக் கதிரை வாவியைப் பார்த்து இருக்கவில்லை. நான் ஏறி வந்த படியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மகளே திருப்பியிருக்கலாம். இதுவரை நான் அவளிடம் கேட்கவில்லை.

பொழுது சாயும்போது மச்சாளும் அவளின் கணவரும் கோயிலில் இருந்து வந்தார்கள். அவர் வாவியில் தொழில் செய்பவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு தோணியும் இறங்கல்ல. எல்லாம் கரையில கவுந்து கிடக்கு, போய்ப் பாருங்க" என்றார். பிறகு மேலே போய்க் கதிரைகளை ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்தார்.

மச்சாள் மகளின் நெற்றியில் திருநீறு பூசினாள். "கண்ணகி அம்மாள்தான் கா குரல் குடுத்துக் காப்பாத்தினவ."

படியில் இறங்கிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார். "ஆம்புளக் குரல் எண்டெல்லோ இவங்க சொன்னாங்க."

மச்சாள் மகளின் நெற்றியில் இன்னொரு தரம் திருநீறு பூசினாள்.

அந்தக் குரல் பதிவு எப்படியோ கணவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நானும் பலமுறை கேட்டேன். என் பேச்சு இருக்கிறது, மகளின் "ஓய்" மெல்லியதாக இருக்கிறது, நான் ஓடும் சத்தம் இருக்கிறது. முதலில் வந்த குரல் மட்டும் அதில் இல்லை. அந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்தவும் இல்லை. மகள் கத்தியதைத்தான் நான் இரண்டு குரலாகக் கேட்டேனோ? அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பகலில் நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் நிச்சயம். கதிரையை அந்த ஓரத்தில் வைத்தவள் நான். பிள்ளை விழக்கூடாது என்று அளந்து அளந்து, அவள் ஏறுவதற்கு இடத்தை நானே அமைத்துக் கொடுத்தேன். பயப்படுவதையே கவனம் என்று நம்பியிருந்தேன். குனிந்து வெண்கட்டிக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அதற்கு அப்பால் பாதியில் நின்ற சுவர் தெரியவில்லை.

அந்த முறை பயணத்தை நிறுத்தினோம். இப்போது மறுபடி வரைபடம் வந்திருக்கிறது. இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். "உனக்குப் பயமெண்டா ஜன்னல் இல்லாததையே எடு. எனக்கு அது பழக்கம்தானே" என்று கணவர் சொன்னார். அவர் சொன்னதில் என் மேல் குறை எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. மகளுக்கு ஐந்து வயது. அன்று நடந்தது எதுவும் நினைவில்லை என்கிறாள். ஆனால் போன கிழமை என் தோளில் தொங்கியபடி கைபேசியைப் பார்த்தவள், அந்த மூலை அறையில் விரலை வைத்து, "இதில மூணு கதிர இருக்கா அம்மா?" என்று கேட்டாள். எங்களைத்தான் எண்ணினாளா, வேறு யாரையுமா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

சின்னப் பிள்ளைகளோடு கடலில் போய் வந்த தாய்மார் இதை வாசித்தால், தயவுசெய்து எழுதுங்கள். ஆறு வருடமாக ஜன்னல் இல்லாத அடித்தட்டில் கிடக்கும் மனிதருக்கு அந்தப் பால்கனியைக் கொடுப்பதா, பிள்ளையை நாலு சுவருக்குள் வைத்துக்கொள்வதா? என் இடத்தில் நீங்கள் இருந்தால் எதை எடுத்திருப்பீர்கள்? பால்கனியையே எடுங்கள் என்று சொல்வீர்கள் என்றால், இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: அங்கே கடலில் இருந்து யாராவது கூப்பிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?