ஐந்தாவது ஏன்

இன்று காலை சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஏறியதும், பழைய ரூம் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. எங்கோ ஒரு ஊரில் குண்டு விழுந்து அடுக்குமாடி வீடு சரிகிறது, பின்னணியில் குத்துப்பாட்டு. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "இன்னா அடி பாத்தியாண்ணா! செம்ம!" என்றார். அனுப்பியது யார் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போது சொல்ல மனம் வரவில்லை.

பக்கத்தில் இருந்தவர் சட்டையில், மெஷினில் இரும்பு வெட்டும்போது ஊற்றும் கட்டிங் ஆயில் வாடை. அது மூக்கில் ஏறினாலே எனக்கு முத்துராஜ் ஞாபகம்தான். ஒரகடத்தில் நாங்கள் நாலு பேர் படுத்த ரூமில், எவ்வளவு துவைத்தாலும் போகாத வாடை அது. நானும் அவனும் கோவில்பட்டிக்காரர்கள், ஒரே கம்பெனியில் ஒரே உற்பத்தி லைனில் வேலை. அவன் தலைமாட்டில் ஒரு மொழிபெயர்ப்புப் புத்தகம் கிடக்கும். போர் வேண்டாம் என்று சொல்லி, சொந்த நாட்டுக்காரர்களிடமே வசை வாங்கிய ஒரு வெள்ளைக்காரத் தத்துவ அறிஞர் எழுதியது. அட்டைப்படத்தைப் பார்த்து அவரை ஹோமியோபதி டாக்டர் என்று நினைத்தவன் நான்!

எங்கள் கம்பெனியில் ஒரு பாகம் பழுதானால் 'ஒய்-ஒய்' போட வேண்டும். பலகையில் ஏன் என்று எழுதி, வரும் பதிலுக்கு மறுபடி ஏன். இப்படி ஐந்து முறை கேட்டால் மூல காரணம் பிடிபடும் என்பது கணக்கு. முத்துராஜுக்கு அதில் ஒரே குஷி. "லே, அந்தப் புத்தகத்துப் பெரியவரு சொல்லுததும் இதானல. கம்பெனிக்காரன் இரும்புக்குக் கேக்கான், அவரு மனுசனுக்குக் கேக்காரு. நமக்குப் பிடிச்ச பதில்னா இன்னொரு தடவ கேக்கணுமாம்."

அப்போது எல்லையில் சண்டை மூண்டிருந்தது. டிவியில் செய்தி வந்தால் கேன்டீன் முழுக்கக் கைதட்டல். மறுநாள் லைன் பலகையில், பழுது என்ற கட்டத்தில், 'சண்டை' என்று எழுதியிருந்தான். கீழே நாலு ஏன், நாலு பதில். ஐந்தாவது ஏனுக்கு எதிரே ஒன்றுமில்லை. 'தெரிந்தவர்கள் எழுதவும்' என்று மட்டும் இருந்தது.

எங்கள் சூப்பர்வைசர் வல்லக்கோட்டைக்காரர், நல்ல மனுஷன். கையாலேயே அவசரமாக அழித்தார். "இன்னாப்பா இது? மேல தெரிஞ்சா உன் வேலை பூடும்ப்பா!" ஆனால் அதற்குள் யாரோ படம் எடுத்திருந்தார்கள். அந்த மாதம் அவனைப் பெர்மனன்ட் ஆக்குவதாக இருந்தது. அடுத்த நாள் காலை அவன் கார்டுக்கு கேட் திறக்கவில்லை.

அதன்பின் வாலாஜாபாத், இருங்காட்டுக்கோட்டை என்று கான்ட்ராக்ட் கான்ட்ராக்டாக அலைந்தான். போன இடத்திலெல்லாம் அவனுக்கு முன்னால் அந்தப் படம் போயிருந்தது. பெண் பார்த்த வீட்டுக்கும் போனது. புத்தகத்தை எப்போது தூக்கிப் போட்டான் என்று தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

காலையில் வீடியோ அனுப்பியது அவன்தான்.

"ஏன்ல?" என்று தட்டினேன்.

"இதுக்கெல்லாம் ஏன்னு கேக்கக் கூடாதுல" என்று உடனே பதில் வந்தது, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

இன்னும் நாலு ஏன் பாக்கி. கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அதையெல்லாம் கேட்கக் கற்றுக்கொடுத்தவன் இப்போது போனின் அந்தப் பக்கம் இல்லை.