குளம் வான் பாய்ந்த காலை

நான் கிளிநொச்சியில் காணி, சுற்றாடல் சட்டம் பார்க்கும் சட்டத்தரணி. கட்டடம் கட்டுவோரும் அரச திணைக்களங்களும் என்னிடம் ஆலோசனை கேட்பார்கள்.

அக்கராயன் பக்கம் கலியாண மண்டபம் கட்ட ஒருவர் காணி பார்த்திருந்தார். ஆவணியில் போனேன். நிலம் வெடித்துக் கிடந்தது, குளம் கண்ணுக்கே தெரியவில்லை. "பயப்பிடாமல் வாங்குங்கோ" என்றுவிட்டேன்.

கார்த்திகையில், காணி உறுதி எழுதி முடிக்கவிருந்த அன்று காலை, நானும் அவரும் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனோம். விடிய விடிய மழை பெய்திருந்தது.

"மிஸ், உதென்ன இரைச்சல்?" என்றார்.

குளம் நிரம்பி, மிஞ்சிய நீர் வழியும் வான் பாயத் தொடங்கியிருந்தது. மரங்களுக்கிடையால் தண்ணீர் பாய் விரித்ததுபோல அகன்று வந்தது. மண்டபத்துக்கென்று அவர் அடித்திருந்த கட்டைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. முழங்கால் தண்ணீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி வீதியில் ஏறினோம். விரால் மீன்கள் எங்கள் கால்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்துப் போயின.

என்னை ஏசுவார் என்று நின்றேன். அவரோ வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதிலதான் மிஸ் மணவறை வர இருந்தது. என்ன வடிவாப் போகுது பாருங்கோ!"

இப்போதும் கோடையில் காணி பார்க்கப் போகிறேன். பதில் சொல்வது மட்டும் மாரியிலும் ஒருமுறை பார்த்த பிறகுதான். "ஏன் மிஸ் அவ்வளவு காலம்?" என்பவர்களுக்குச் சட்டம் விளக்குவதில்லை. குளம் வான் பாயும் நாளில் அந்த வீதிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரைக் காட்டுவேன்.