செங்கல்லில் என் மகளின் விரல்கள்

நல்ல பூச்சுக்காரனின் கை சுவரில் தெரியக் கூடாது. இருபது வருடமாக இதை நம்பித்தான் சோறு சாப்பிடுகிறேன். துபாயில் நான் பூசிய சுவரில் ஒரு விரல் தடத்தைக் காட்டு, கரண்டியைக் கீழே போட்டுவிடுகிறேன் என்று சவால் விட்டுத் திரிந்தவன் நான். அந்தத் திமிரோடுதான் அந்த அமெரிக்கத் தெருவுக்குள் நுழைந்தேன்.

அது நிஜத் தெரு இல்லை. துபாயில் ஒரு வணிக வளாகத்துக்குள், ஏசிக் குளிரில், அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் என்ற பழைய ஊரின் தெரு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டில் நீள வராந்தா வைத்த வீடுகள் ரோஸ், மஞ்சள், இளநீலம் என்று வரிசையாக நின்றன. ஒரு சர்ச் கோபுரம், கல் பாவிய சந்து. நாலு மாதத்தில் முந்நூறு வருடப் பழமை வந்துவிட வேண்டும் என்பது உத்தரவு. செங்கல் சுவர்கள் எங்கள் பொறுப்பு. பெயர்தான் செங்கல். சிமெண்டுக் கலவையைத் தடிமனாகப் பூசி, ஈரம் காய்வதற்குள் கோடு கீறிக் கல் கல்லாகப் பிரித்து, மேலே சாயம் அடிப்போம். தட்டிப் பார்த்தால் ஒழிய யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வேலையை மேற்பார்க்க அமெரிக்காவிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். நரைத்த முடி, கனத்த பூட்ஸ், கையில் எந்நேரமும் ஓர் ஆல்பம். அந்த ஊரின் அசல் செங்கற்களைக் கிட்டத்தில் எடுத்த படங்கள் அதில் இருந்தன. சில கற்களில் மூன்று நான்கு சின்னக் குழிகள். எவனோ சோம்பேறி சூளையில் சுடாத பச்சைக் கல்லைத் தூக்கும்போது அழுத்திவிட்டான் என்று நினைத்தேன். மாதிரிச் சுவரில் அந்தக் குழிகளை எல்லாம் விட்டுவிட்டு மழமழவென்று முடித்து, பாராட்டுக்காகக் காத்து நின்றேன். அந்த அம்மா சுவரை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் ஏதோ கேட்டார். "அவங்க எங்கேன்னு மேடம் கேக்குறாங்க," என்றார் எங்கள் கேரளத்து இன்ஜினியர்.

யார் அவர்கள் என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். வெள்ளைக்காரன் கடல் வழியாக வந்து உண்டாக்கிய ஊர் அது. மெட்ராஸில் கோட்டை கட்டியதற்குக் கொஞ்சம் பிந்தி. அங்கே அவனைப் பணக்காரனாக்கியது நெல்லாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை, அமெரிக்காவில் ஏது நெல் என்று கேட்டேன். ஆப்பிரிக்காவில் நெல் விளைகிற சீமையிலிருந்து ஆட்களைச் சங்கிலி போட்டுக் கப்பலில் கொண்டுவந்து, சேற்றில் இறக்கி, வரப்புப் போட வைத்தார்கள். நெல்லுக்கு அப்புறம் நீலச் சாயம் எடுக்கிற அவுரி. எஜமானர்களின் வீட்டுக்குச் செங்கல் அறுத்ததும் அவர்களே. அறுத்த கல்லைத் தூக்கிக் காயப்போடுகிற வேலை பிள்ளைகளுக்கு. பச்சைக் கல்லில் அந்தப் பிள்ளைகளின் விரல்கள் பதிந்துவிட்டன. அவர்களில் பெரும்பாலானோர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. இருந்தார்கள் என்பதற்கு அந்தத் தடம்தான் சாட்சி. அதைத்தான் நான் பூசி மூடியிருந்தேன்.

"ஏழு எட்டு வயசுப் பிள்ளை விரல் வேணும், சேட்டா. பெரியவங்க விரலை வச்சா மேடம் சம்மதிக்க மாட்டாங்க," என்றார் இன்ஜினியர்.

ஷார்ஜாவின் முவைலா பகுதியில் எங்கள் ரூமில் எட்டுப் பேர். பதினாறு கைகளில் ஒன்றுகூட ஏழு வயதுக் கை இல்லை. ஆனால் அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்கு ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள்.

இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். வேலைக்கு வேண்டும் என்று நான் மனைவியிடம் சொல்லவில்லை. "பாப்பா கையைத் தொட்டுப் பாக்கணும்போல இருக்கு. களிமண்ணுல விரலைப் பதிச்சு அனுப்பு," என்றேன். முழுப் பொய்யும் இல்லை. அவள் பிறந்ததிலிருந்து மூன்று லீவில் மட்டும்தான் அவளைத் தூக்கியிருக்கிறேன். மறுமுனையில் மனைவி மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தாமல், ஆழமா பதியட்டும், நாலு விரலும் தெளிவா வரட்டும் என்று அளவு சொல்லிக்கொண்டிருந்தேன்.

லீவு முடிந்து வந்த பக்கத்து ஊர்க்காரரின் பெட்டியில், ஊறுகாய் பாட்டிலுக்கும் முறுக்குப் பொட்டலத்துக்கும் நடுவே, பழைய சேலைத் துணி சுற்றி அது வந்து சேர்ந்தது. ஏரி மண். ஓரம் விண்டிருந்தாலும் தடம் பத்திரமாக இருந்தது. என் சுண்டுவிரல் நுனிகூட அந்தக் குழிகளில் இறங்கவில்லை. அச்சு எடுக்கிற பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றிக் காயவிட்டு எடுத்தபோது நாலு சின்ன விரல்கள் கையில் நின்றன. அந்த அச்சை வைத்து, வரிசைக்கு ஒன்று இரண்டாக, சுவர் நெடுகப் பதித்துக்கொண்டே போனேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. அந்த அம்மா என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

தெருவைத் திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெருமை தாங்காமல் அங்கேயே போய் நின்று வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன்.

"பாப்பா, உன் விரலைப் பாரு. துபாய் செவுத்துல இருக்கு."

"நிறைய இருக்குப்பா," என்று துள்ளினாள் மகள். எண்ணவும் ஆரம்பித்தாள். சுவரை ஒட்டிப் புதிதாக ஒரு போர்டு வைத்திருந்தார்கள். போன் அதைக் கடந்தபோது அவள் எழுத்துக் கூட்டிவிட்டாள். இங்கிலீஷ் மீடியம், எதைக் கண்டாலும் படிக்கும்.

"என்ஸ்லேவ்டு சில்ட்ரன். அப்பா, என்ஸ்லேவ்டுன்னா என்னப்பா?"

தெரியலம்மா என்றேன்.

மனைவி விடவில்லை. மறுநாளே பள்ளிக்கூடத்து டீச்சரிடம் அர்த்தம் கேட்டுவிட்டாள். அவள் போன் செய்தபோது குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஏங்க, என் பிள்ளை கையை அடிமைப் பிள்ளை கைன்னு காட்டவா கேட்டீங்க?"

"வேலைக்குத் தேவைப்பட்டுச்சு."

"தொட்டுப் பாக்கணும்போல இருக்குன்னீங்க."

"அப்படியும்தான் இருந்துச்சு."

"அதை நம்பித்தான் அவ கையை அமுக்கிப் பிடிச்சேன். வலிக்குதும்மான்னா. அப்பாவுக்குடி, அசையாம இருன்னேன். எல்லாத்தையும் அழிச்சுட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் பிள்ளைகிட்ட நீங்க பேச வேணாம்."

சொன்னபடியே செய்தாள். மூன்று ஞாயிறு போயிற்று. மகள் பாடம் படிக்கிற சத்தம் பின்னால் கேட்கும், போன் அவள் கைக்குப் போகாது. எனக்கும் கோபம் வந்தது. வெறும் சிமெண்டு, யார் கை என்று எவனுக்குத் தெரியப்போகிறது என்று ரூமில் கத்தினேன். கத்திவிட்டுக் கட்டிலில் படுத்தால் அந்தச் சார்ல்ஸ்டன் பிள்ளைகளின் அப்பன்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. பிள்ளையின் கையை வேலைக்குப் பிடுங்கிக்கொண்டார்கள். நானோ பொய் சொல்லிக் கேட்டு வாங்கி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது.

நாலாவது ஞாயிறு, குழி அடைக்கிற பட்டியைச் செங்கல் நிறத்தில் குழைத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனேன். சுவரை ஒப்படைத்தாகிவிட்டது, அங்கே எனக்கு வேலை இல்லை. கேமராவில் சிக்கினால் விசா கேன்சல், அப்படியே ஊர்தான். இருந்தாலும் ஓரத்துக் கல்லில் ஆரம்பித்தேன். ஒரு கல்லை மூடியிருப்பேன், பக்கத்தில் வயதான ஒரு கறுப்பினப் பெண்மணி வந்து நின்றார்.

போர்டை ஒரு வரி விடாமல் படித்தார். கைப்பையைத் தரையில் வைத்தார். என் மகளின் விரல் குழிகளில் தன் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். இறங்கவில்லை. கையை எடுக்காமல் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றார். டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். இது வெறும் பூச்சு அம்மா, இது என் பிள்ளையின் கை என்று சொல்ல என் இங்கிலீஷ் போதாது. போதுமானதாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

திரும்பியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு போட்டோ எடுத்துத் தரும்படி போனை நீட்டினார். எடுத்தேன். என் கையிலிருந்த பட்டி போனில் ஒட்டிக்கொண்டது. சட்டையில் துடைத்துக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு தேங்க்யூ என்றார்.

அவர் போன பிறகு அடுத்த குழியில் விரல் வைக்க என்னால் முடியவில்லை. டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நின்று மனைவிக்குப் போன் செய்தேன்.

"அழிச்சுட்டேன்," என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

நம்பிவிட்டாள். கடல் தாண்டி இருக்கிறவனை நம்பாமல் அவள் என்ன செய்வாள். போனை மகளிடம் கொடுத்தாள்.

"அப்பா, என் கை இப்ப துபாய்ல இல்லையா?"

"இல்லம்மா."

மெதுவாகக் கேட்டாள்.

"ஏம்பா, நான் சரியா பதிக்கலையா?"