வறண்ட காவிரியில் ஓர் ஊற்று

சில வருஷங்களுக்கு முன், ஒரு மே மாதக் காலையில் ஸ்ரீரங்கத்துப் படித்துறையில் நடந்தது இது.

சின்ன வயதில் எங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் ஸ்ரீரங்கத்துச் சித்தப்பா வீடுதான். நாங்கள் இருந்தது அதே திருச்சியில், கைலாசபுரம் குவார்ட்டர்ஸில். இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும் இடத்துக்கு, பெட்டி படுக்கையோடு ஒரு மாதம் தங்கப் போவோம். ஊட்டி, கொடைக்கானல் போகிற பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்யட்டுமே, அவர்களுக்கு எங்கள் சித்தப்பா கிடைக்கவில்லையே!

அவருக்குக் குழந்தை கிடையாது. வெயில் தாழ்ந்ததும் எங்களையும், தெருவில் கண்ணில் படுகிற பிள்ளைகளையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவார். ஆளுக்கொரு கொட்டாங்கச்சி. காய்ந்து கிடக்கும் மணலை முழங்கை ஆழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். முதலில் கலங்கலாகத்தான் வரும். "அவசரப்படாதீங்கடா, தெளியட்டும்" என்பார். தெளிந்ததும் அள்ளிக் குடிப்போம். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அந்தச் சித்தப்பாதான் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. தகனம் முடிந்த மறுநாள் அஸ்தி கரைக்க நானும் தம்பியும் கிளம்பியபோது சித்தி வாசல்வரை வந்தார்.

"ஆத்துல தண்ணி இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா குழாய்த் தண்ணியில மட்டும் கரைச்சுடாதீங்கம்மா. அவருக்குக் காவிரித் தண்ணிதான் வேணும்."

படித்துறையில் சடங்கு செய்து கொடுத்தவர் குழாயைத்தான் காட்டினார். "இப்ப எல்லாரும் இதுலதாங்க கரைக்கிறாங்க." எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவர் என்ன செய்வார், பாவம். தம்பி கலயத்தைத் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கி நடந்தான். நடு ஆற்றில் உட்கார்ந்து வெறும் கையால் தோண்ட ஆரம்பித்தான். நானும் தோண்டினேன். முழங்கை ஆழம் போயிற்று, தோள் ஆழமும் போயிற்று. ஈர மணல்தான் வந்தது. நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. எங்களை வளர்க்காமல் வளர்த்த மனுஷனுக்கு இதைக்கூடச் செய்ய முடியவில்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார். மன்னார்புரத்திலிருந்து வந்தவராம். அவர் கையிலும் ஒரு கலயம். அதைத் துண்டின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு, அவரும் குழிக்குள் கைவிட்டுத் தோண்டினார். வெறி பிடித்ததுபோல் தோண்டினார். ஒருவழியாக அடியில் மணல் குழைந்து தண்ணீர் கசிந்தது.

தம்பி அவசரமாகக் கலயத்தை எடுத்தான். "இருப்பா, தெளியட்டும்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. காத்திருந்த நேரத்தில் அவரிடம் எங்கள் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டு, "யாருக்குங்க?" என்று கேட்டேன்.

"பையனுக்கும்மா. காலேஜ் லீவுக்கு வந்திருந்தான். பைக்ல போனவன்..." துண்டின் மேலிருந்த கலயத்தைச் சரிசெய்து வைத்தார். "பெரியவரோடத முதல்ல கரைங்க. நான் அப்புறம் கரைச்சுக்கிறேன்" என்றார்.

தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாங்க, சேர்ந்தே கரைப்போம். லீவுக்கு வர்ற பசங்கன்னா எங்க சித்தப்பாவுக்கு உசுரு. அவர் பார்த்துக்குவாரு."

அந்த மனிதர் மணலில் அப்படியே உட்கார்ந்து கதறினார். அப்படியொரு அழுகையை நான் கேட்டதில்லை, இனியும் கேட்க வேண்டாம். இரண்டு கலயத்து அஸ்தியும் அந்தச் சின்ன ஊற்றில்தான் கரைந்தது. அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. பாலத்தில் பஸ் போகும்போது எட்டிப் பார்த்தேன். நாங்கள் தோண்டிய இடம் எது என்று தெரியவில்லை. தம்பி சொன்னது அந்த அப்பாவுக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் வலித்ததா என்பதும் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு மே மாதமும், யாரோ பெற்ற அந்தப் பையனையும் ஓட்டிக்கொண்டு சித்தப்பா ஆற்றுக்குப் போகிறார் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். வேறு எப்படி நினைத்தாலும் என்னால் தாங்க முடியவில்லை.