தலையில் இரண்டு தட்டு

சுங்கை பினாங் பக்கம் மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு பாஷை உண்டு. எதிரே வருகிறவர் ஹேண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்து உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனால், முன்னால் போலீஸ் நிற்கிறது என்று பொருள். உடனே கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட் தலைக்கு ஏறும். ஹெல்மெட்டே கொண்டுவராதவர்கள் வண்டியைத் திருப்பிக்கொள்வார்கள். தட்டியவர் சீனரா, மலாய்க்காரரா, தமிழரா என்று யாரும் பார்ப்பதில்லை. நம்மிடையே ஒற்றுமை இல்லை என்று புலம்புகிறவர்கள் காலையில் ஒருமுறை ரோட்டோரம் நின்று பார்க்கலாம்.

இந்த உதவியைப் பெரிய தொண்டாகவே வளர்த்தவர் ஷேக் அலாவுதீன். தொழில் ரொட்டி. விடிந்ததும் மோட்டாரின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஜெலுத்தோங் வரைக்கும் காப்பிக் கடைகளுக்கு பெங்காலி ரொட்டி போடுவார். இத்தனை வருஷ ஓட்டத்தில் அவர் விழாத இடமில்லை. கைலி சங்கிலியில் மாட்டி ஒருமுறை விழுந்தார். அது கைலியின் குற்றம். சிலிப்பர் பிரேக்கில் வழுக்கி ஒருமுறை. அது மழையின் குற்றம். மணலில் சறுக்கி, முழங்கையில் எலும்பு தெரிய எழுந்தாரே, அது ரோடு போட்டவனின் குற்றம். அன்றைக்கு ஒரு ரொட்டி கூட மண்ணில் விழவில்லை என்பதை மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

அவரிடம் ஹெல்மெட் இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் அது தொங்கும். தலையில் வெள்ளைத் தொப்பி. தொப்பி போட்டவரைப் பள்ளிவாசலுக்குப் போகிறார் என்று போலீஸ் விட்டுவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. தினமும் பல தடவை பள்ளிவாசலுக்குப் போகிற முகம்தான் அவருக்கு.

கைபேசி வந்ததும் தொண்டு விரிந்தது. ‘செலாமாட் ஜாலான்’, அதாவது பயணம் நல்லபடியாக அமையட்டும் என்ற பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினார். ரோட் பிளாக் எங்கே, எந்த லோரோங் சந்தில் புகுந்தால் தப்பலாம் என்று காலையில் அவர் குரல் வந்துவிடும். “சிக்னல் லைட் கிட்ட நிக்கிறாங்க. தலையில ஒண்ணும் இல்லாதவங்க பின்னாடி லோரோங்ல போங்க. ஒண்ணும் ஆவாது, மெதுவா போங்க.” கடைசியில் அந்த ‘மெதுவா போங்க’ தவறவே தவறாது. அதற்காகவே அவரை நல்ல மனுஷர் என்றார்கள். கலியாண வீடுகளில் அவருக்கு முன்வரிசை நாற்காலி கிடைத்தது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பெட்ரோல் நிலையத்தில் ஒரு கையில் கைபேசி, ஒரு கையில் பம்புக் குழாய். குழுவுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே எண்ணெய் ஊற்றினார். தீவில் எந்தத் திருப்பத்தில் எந்தப் போலீஸ்காரர் நிற்பார் என்று அறிந்தவர், கையில் பிடித்திருந்தது மஞ்சள் குழாயா கறுப்புக் குழாயா என்று பார்க்கவில்லை. டீசல் உள்ளே போனது. அடுத்த திருப்பம் தாண்டுவதற்குள் மோட்டார் வெள்ளைப் புகை கக்கி, இருமி, நின்றது. மிச்ச தூரத்தைத் தள்ளிக்கொண்டு ரேமண்டின் வொர்க்ஷாப்புக்கு வந்து சேர்ந்தார்.

ரேமண்ட் டாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

“என்ன பாய், மோட்டாரை லோரின்னு நெனச்சிட்டீங்களா?”

“பேசிக்கிட்டே ஊத்திட்டேன்பா.”

“அங்க போலீஸ் நிக்குது, இங்க போலீஸ் நிக்குதுன்னு ஊருக்கே சொல்றீங்க. டீசல் உங்க மூக்குக்கு முன்னாலயே நிக்குது, அதச் சொல்ல ஒரு குரூப் இல்லியே!”

“சிரிக்காதடா. காலையில ரொட்டி போடணும்.”

“நாளைக்கு மத்தியானம் வாங்கலா. டாங்கி, கார்பரேட்டர் எல்லாம் கழுவணும்.”

பக்கத்து வீட்டு மோட்டாரை இரவல் கேட்டுக்கொள்ளலாம் என்று அலாவுதீன் நடந்தே வீட்டுக்கு வந்தார். ஹெல்மெட் வொர்க்ஷாப்பில், கொக்கியிலேயே தொங்கியது.

அந்த வீட்டில் மோட்டார் ஒன்று, ஹெல்மெட் ஒன்று, ஓட்டுகிற ஆள் இரண்டு. ரொட்டி போட்டு அலாவுதீன் திரும்பியதும் அதே மோட்டாரில் மகன் ஹாரிஸ் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குக் கிளம்புவான். அவன் மட்டும் ஹெல்மெட்டைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தலையில் மாட்டி, வாரையும் பூட்டிக்கொள்வான். தொழிற்சாலையில் பழகிய பழக்கம். அத்தாவுக்கு அது கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை, அத்தா ரொட்டி போட்டுத் திரும்பிய இரவல் மோட்டாரோடு வாசலில் நின்ற ஹாரிஸ் கொக்கியைத் தேடினான். அதில் கொக்கியே இல்லை.

“அத்தா, ஹெல்மெட்?”

“ரேமண்ட் கடையில இருக்கு. இன்னிக்கி ஒரு நாள்தானே, போ.”

“ஹெல்மெட் இல்லாம புள்ளைய அனுப்பாதீங்க. கம்பெனி பஸ்ல போவட்டும்” என்றாள் அவன் உம்மா நூர்ஜான்.

“பஸ் போயாச்சும்மா” என்றான் ஹாரிஸ்.

“அடடா, எங்க நிக்கிறான்னு இந்த அத்தாவுக்குத் தெரியாதா? வழியெல்லாம் நான் சொல்றேன். காதுல மாட்டிக்கிட்டுப் போடா.”

ஹாரிஸ் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தலையில் ஒன்றும் இல்லாமல் கிளம்பினான். பின்னாலேயே அலாவுதீனும் நடந்துபோய், பெரிய ரோட்டில் சிக்னலைப் பார்த்தாற்போலிருந்த காப்பிக் கடையில் தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஹாரிஸ் வழியில் எண்ணெய் ஊற்றப் போயிருந்தான். வண்டியை இரவல் கொடுக்கிறவர்கள் டாங்கியை நிறைத்துக் கொடுப்பதில்லை.

தேத்தண்ணி வருவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. சிக்னலுக்குக் கீழே கூம்புகளை வைத்தார்கள். அலாவுதீனின் குரல் குழுவுக்குப் போனது: பின்னாடி லோரோங்ல போங்க, ஒண்ணும் ஆவாது, மெதுவா போங்க.

பெரிய ரோட்டில் வந்துகொண்டிருந்த ஹாரிஸ் அதைக் கேட்டு லோரோங்கின் இந்த முனையில் நுழைந்தான். எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்த ஷாருல் என்ற இளைஞனும் குழுவில் இருந்தான். அவனுக்கு ரோட் டாக்ஸ் முடிந்திருந்தது. அவனும் அதே குரலைக் கேட்டு அதே லோரோங்கின் அந்த முனையில் நுழைந்தான். கடைகளின் முதுகுக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளும் வடிகாலும் போக மிஞ்சிய இடம் அது. நடுவில் ஒரு வளைவு. வளைவில் இருவரும் மோதிக்கொண்டார்கள்.

ஷாருல் ஹெல்மெட் போட்டிருந்தான். மணிக்கட்டு உடைந்தது. ஹாரிஸின் தலை வடிகாலின் சிமெண்டு விளிம்பில் போய் விழுந்தது.

போலீஸ்காரர்கள் இருவர் கூம்புகளை விட்டுவிட்டு லோரோங் பக்கம் ஓடுவதை அலாவுதீன் பார்த்தார். யாரையோ துரத்துகிறார்கள் என்று நினைத்தார். ஹாரிஸ் இந்நேரம் தாண்டிப் போயிருப்பான் என்றும் நினைத்தார். குழுவில் ஒருவர் கேட்டார்: “பாய், லோரோங்ல எக்சிடெண்ட், ஜாம். வேற வழி இருக்கா?”

அலாவுதீன் வேறு வழி சொன்னார். இடது பக்கம் திரும்பி, மார்க்கெட் பின்னால் புகுந்து வரச் சொன்னார். மெதுவா போங்க என்றும் சொன்னார். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லோரோங்கிலிருந்து ஓடிவந்த கடைக்காரர் அவர் தோளைத் தொட்டார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது, எந்தப் போலீஸிடமிருந்து மகனைக் காப்பாற்றினாரோ அந்தப் போலீஸ்காரர் வடிகாலோரம் மண்டியிட்டு, ஹாரிஸின் தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஹாரிஸின் காதில் ஒரு இயர்போன் இன்னும் இருந்தது.

பிழைப்பானா என்பதே பெருநாள் வரைக்கும் தெரியவில்லை. பிறகு கண் திறந்தான். அதைப் பிழைத்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவன் உம்மாவை அக்கா என்று கூப்பிட்டான். பெயர் கேட்டால் சிரித்தான். வலது கை மடியில் கிடந்தது, வேறு யாரோ வைத்துவிட்டுப் போனது மாதிரி.

குழுவினர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்கள். எல்லாம் விதி என்றார்கள். உங்க மேல என்ன தப்பு பாய் என்றார்கள். அழுதவர்களும் உண்டு. அதில் ஒருவர் கிளம்பும்போது வாசலில் சிலிப்பரைத் தேடிக்கொண்டே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“பாய், இப்ப லைட் கிட்ட நிக்கிறானுங்களா?”

உள்ளேயிருந்து நூர்ஜான் பதில் சொன்னாள்: “நிக்கிறாங்க. எல்லா லைட்லயும் நிக்கிறாங்க. போங்க.”

அவள் கணவனைத் திட்டவில்லை. ஒருமுறை மட்டும் அவருடைய கைபேசியை எடுத்து, அந்த வெள்ளிக்கிழமைக் குரலை முழுவதும் கேட்டுவிட்டு, அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கே அவர் குழுவிலிருந்து வெளியேறினார். குழு நின்றுவிடவில்லை, மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்த ஷாருல் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டான். வேலைக்குப் போக முடியாததால் அவனுக்கு நேரம் இருந்தது.

ரேமண்ட் மோட்டாரைக் கழுவிக் கொண்டுவந்து விட்டான். வேடிக்கை எதுவும் பேசவில்லை. ஹெல்மெட் கொக்கியில் பத்திரமாக இருந்தது.

இப்போது ரொட்டி போட்டு முடித்ததும் அலாவுதீன் லோரோங் முனையில் மோட்டாரை நிறுத்துகிறார். இறங்குகிறார். ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. நின்றபடி, வருகிற ஒவ்வொரு மோட்டாரையும் பார்த்து ஹெல்மெட்டின் உச்சியில் டொக், டொக் என்று இரண்டு தட்டுத் தட்டுகிறார். லோரோங்கிலும் போலீஸ் என்று பயந்து சிலர் கண்ணாடியில் தொங்குவதை மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் திரும்பிப் போகிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாகத் தாண்டுகிறார்கள். பாய் பொய் சொல்கிறார் என்று குழுவில் புகார். பாய்க்கு மண்டை கழன்றுவிட்டது என்று பரிதாபம்.

ஒருவன் வண்டியை நிறுத்தியே கேட்டான்.

“அண்ணே, உள்ள பூந்து பாத்துட்டேன். ஒரு போலீஸும் இல்ல.”

“இல்லதான் தம்பி.”

“அப்புறம் எதுக்குத் தலையத் தட்டுறீங்க?”

“இருக்குதான்னு பாத்துக்கறேன். நீயும் ஒரு தடவ தொட்டுப் பாரு.”

அவன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனான். ஹெல்மெட் போடவில்லை.

சாயங்காலம் ஹாரிஸுக்குப் பயிற்சி. வலது கையைத் தூக்கித் தலையைத் தொட வேண்டும். தினமும் செய்தால் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அலாவுதீன் தொப்பியையும் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து, உச்சந்தலையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிக் காட்டுகிறார். ஹாரிஸ் சிரிக்கிறான். கை மடியிலிருந்து எழுந்து, நடுங்கி, தோள் வரைக்கும் வருகிறது.

“இன்னும் கொஞ்சம்டா” என்கிறார் அலாவுதீன். “மெதுவா.”

கை அங்கேயே நிற்கிறது. பிறகு இறங்கிவிடுகிறது. அவர் மறுபடியும் தட்டிக் காட்டுகிறார்.